கல்லுக்கு அடியில் கரி

செப்டம்பர் 3, 2094. காலை 7:10. கல் எண் 4.

வெப்பநிலை 14. காற்று வடமேற்கிலிருந்து, மெதுவாக. தரை ரேடார் சரி. காந்தமானி சரி. தோண்டும் இயந்திரத்தின் இடது கை நேற்றிலிருந்து முனகுகிறது. எண்ணெய் விட்டேன், முனகல் நிற்கவில்லை.

நான்காம் எல்லைக்கல் வரைபடத்தில் காட்டிய இடத்திலேயே நிற்கிறது. பாதி புதைந்த நிலை. மூன்று வரி லத்தீன் எழுத்து: இரண்டு ரோமானிய மாகாணங்களின் பெயரும் அளந்து நட்ட அதிகாரியின் பெயரும். கல்லைச் சாய்த்து அடியில் தோண்டினேன். 1.3 மீட்டரில் கரி, உடைந்த பானை ஓடு, ஆட்டு எலும்பு. சாட்சி சரி.

அறிக்கை கருவி வழியாகப் போய்விட்டது. இது என் கைநோட்டு. என்றாவது யாராவது கண்டெடுத்தால் புரியட்டும் என்று சில விவரங்கள். என் பெயர் ஆவுடைத்தங்கம். ஊர் கோவில்பட்டி. வயது ஐம்பத்து மூன்று. தொழில் அகழாய்வு.

பதினோரு வருடங்களுக்கு முன் டான்யூப் கரையில் இரண்டு நாடுகள் சண்டை போட்டன. சண்டைக்கு நடுவே ஆறும் தடம் மாறிவிட்டது. எல்லை எங்கே என்று ஆளுக்கொரு வரைபடம் காட்டினார்கள். கடைசியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றை: ஆயிரத்து எண்ணூற்றைம்பது வருடத்துக்கு முன் ரோமானியர் நட்ட ஏழு கற்கள். ஆனால் ஒருவரின் ஆய்வாளரை மற்றவர் நம்பவில்லை. அதனால் எங்களைக் கூப்பிட்டார்கள். இந்த ஆற்றின் எந்தக் கரையிலும் கோவில்பட்டிக்காரிக்கு மாமன் மச்சான் கிடையாது.

அந்த ரோமானிய நில அளவைக்காரர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. மனிதர்களை அவர்கள் துளிகூட நம்பவில்லை. கல்லை நடுவதற்கு முன் குழி தோண்டி, நெருப்பு மூட்டி, கரியும் ஓடும் எலும்பும் போட்டு மூடி, அதன் மேல்தான் கல்லை வைத்தார்கள். கல்லை எவனாவது நகர்த்தலாம். அடியில் கரி இருப்பது அவனுக்குத் தெரியாது. கரி மக்காது. அதுதான் சாட்சி. ஆகவே ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறார்கள்: கல்லும் சாட்சியும் ஒத்துப்போகாவிட்டால் சாட்சியே எல்லை.

குழியை மூடுவதற்கு முன் இந்த ஆண்டு அச்சான பத்து ரூபாய் நாணயம் ஒன்றை அடியில் போட்டேன். அது எங்கள் வழக்கம். பின்னால் தோண்டுகிறவருக்கு, இங்கே ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டார், இன்ன வருடத்தில் என்று அது சொல்லும். ரோமானியருக்குக் கரி, நமக்கு நாணயம்.

செப்டம்பர் 6. பிற்பகல் 4:30. கல் 5, கல் 6.

இரண்டும் முடிந்தன. சாட்சி சரி, சரி.

நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள இந்தக் காவல் பட்டையில் ஆள் நடமாட்டம் கிடையாது. சாலையைக் கிழித்துக்கொண்டு வாதுமை மரம் முளைத்திருக்கிறது. ஒரு பேருந்து நிறுத்தத்துக்குள் நரி குட்டி போட்டிருக்கிறது. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம். உடல் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். நரியை விட்டுவிடும், ஆள் அளவு இருந்து, கழுத்தில் பதிவு செய்த வில்லை இல்லையென்றால் மூன்று நொடிதான், சுட்டுவிடும். ஒரு வில்லை கொடுக்கவே இரு தரப்பும் எட்டு மாதம் பேசினார்கள். அதனால் நான் தனி.

வில்லை இம்மாதம் 30, மாலை 4 மணி வரை செல்லும். அதே 4 மணிக்குப் புதிய எல்லை அமலுக்கு வரும். எல்லையிலிருந்து இருபுறமும் நூறு மீட்டர் மட்டும் காவலில் இருக்கும்; மற்ற நிலமெல்லாம் விடுதலை. அந்த நூறு மீட்டருக்குள் வில்லைகளின் பழைய பதிவுகள் அத்தனையும் அழியும்.

வயர்லெஸ்ஸில் ஒரே ஒரு ஆள்: பட்டையின் நுழைவாயிலான கடவுக்கு வெளியே கன்டெய்னரில் இருக்கும் தொம்மை, தூத்துக்குடிக்காரன். இரு தரப்பும் இந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பதால் எங்கள் பேச்சில் உப்பு இருக்காது.

"அக்கா, சாப்ட்டியளா? இங்க மழ ஊத்துது. ஏழாங்கல்லு எப்ப முடியும்னு ரெண்டு பக்கத்துக்காரனும் கேக்கான். என்ன சொல்லட்டும்?"

சாப்பிட்டேன் என்றேன். பொட்டலத்துப் பருப்பு. வெந்நீர் ஊற்றினால் பருப்பாகிவிடும் என்று மேலே எழுதியிருந்தது, ஆகவில்லை.

கோவில்பட்டியில் என் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதைத் தவிர எனக்கென்று யாரும் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. இதை எழுதும்போது பெரிதாக வருத்தம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

செப்டம்பர் 11. காலை 11:20. கல் 7.

கல் இருக்கிறது. சாட்சி இல்லை.

1.3 மீட்டர் தோண்டினேன். 1.6 வரை போனேன். கன்னி மண். கரித்தூள்கூட இல்லை. கல்லின் அடிப்பாகத்தில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, நீளவாட்டில் கோடுகள். யாரோ இதை இழுத்து வந்திருக்கிறார்கள். எழுத்தின் மேல் படிந்த பாசியைப் பார்த்தால் சமீபத்தில் அல்ல, ரோமானியக் காலத்திலேயே.

வழக்கப்படி நாணயம் போட்டு மூடினேன். தோண்டும் இயந்திரத்தின் இடது கை இன்று முற்றாக நின்றுவிட்டது. வலது கையும் சோகத்தில் கூடவே நின்றுவிட்டது. இனி மண்வெட்டியும் நானும்தான்.

செப்டம்பர் 13. காலை 9:45.

ரேடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்றரை நாள் நடந்தேன். கல்லுக்கு வடக்கே 212 மீட்டரில் குழி வடிவம் ஒன்று தெரிகிறது. பக்கத்தில் பாழடைந்த நீரேற்று நிலையம், அதாவது பம்பு வீடு. சுவரில் 3 என்று எண்.

மண்வெட்டியை ஓங்கியதும் பம்பு வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இடுப்பில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புப் பெட்டி தானாக விழித்துக்கொண்டு இப்படிச் சொன்னது:

"ஏய், யாரு அங்கன? எம் பம்புக்குப் பக்கத்துல வந்து என்னத்தத் தோண்டுத? வில்லை இருக்கா ஒங்கிட்ட? இல்லன்னா அசையாம நில்லு. கோபுரம் பாத்துக்கிட்டு இருக்கு."

பெட்டிக்குக் குரலும் பேச்சும் ஏற்றியது தொம்மை. மாதிரிக் குரல் வேண்டும் என்று கேட்டதற்கு, தானே உட்கார்ந்து நாற்பது மணி நேரம் பேசித் தள்ளியிருக்கிறான். ஆகவே டான்யூப் கரைப் பெண்மணி ஒருத்தி வாயசைக்க, தூத்துக்குடி ஆண்குரல் வெளியே வருகிறது. பத்து நாளாகச் சிரிக்காத நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

செப்டம்பர் 14. பிற்பகல் 2:00.

அவள் பெயர் ஸ்டானா. வயது நாற்பத்தொன்பது. இந்த நிலையத்தின் மின்பணியாளர். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறாள். யாருக்கும் தெரியாது. அறிக்கையில் எழுதவில்லை, வயர்லெஸ்ஸில் சொல்லவில்லை. சொன்னால் அரை மணி நேரத்தில் அவள் இருக்க மாட்டாள். ஆனால் பார்த்ததை எங்காவது எழுதாமல் இருக்க எனக்கு வராது. அதனால் இந்த நோட்டில். கடவில் கருவியைத்தான் சோதிப்பார்கள். காகித நோட்டை யார் பிரிக்கப் போகிறார்கள்?

பெட்டிப் பதிவிலிருந்து:

"தெக்க பொறந்தேன். வடக்க கெட்டிக் குடுத்தாவ. சண்ட முடிஞ்சி ஆள எண்ணும்போது, வடக்க உள்ளவன் நீ தெக்கத்திக்காரின்னான். தெக்க உள்ளவன் நீ வடக்க வாக்கப்பட்டவன்னான். ரெண்டு பேரும் சொன்னது நெசந்தான். மாப்பிள்ள சண்டையில செத்துட்டாரு. நான் எங்கன போவ? பம்புக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டேன்."

கோபுரங்களை நட்டபோது கருவிகளுக்கும் வில்லை கொடுத்தார்கள். மூன்றாம் பம்பின் வில்லையை ஸ்டானா கழற்றித் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பம்பு சூடாக இருக்கும், ஆள் அளவு இருக்கும். கோபுரத்தின் கணக்கில் ஸ்டானா ஒரு பம்பு. ஒரே தொல்லை, பம்பு நடக்காது. இருந்த இடத்திலிருந்து முப்பது காலடிக்கு மேல் நகர்ந்தால், யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள் என்று கோபுரம் சுட்டுவிடும். ஆகவே முப்பது காலடிக்குள் அவள் உலகம்: ஒரு மிளகாய்ப் பாத்தி, பீன்ஸ் கொடி, ஒன்பது கோழி, வெள்ள நிவாரணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த மாவு மூட்டைகள்.

நான் தோண்ட வேண்டிய இடம் அவள் வாசலிலிருந்து பதினைந்து காலடி.

செப்டம்பர் 17. பகல் 12:30. வடக்குக் குழி.

1.4 மீட்டரில் கரி. பானை ஓடு. ஆட்டுத் தாடை எலும்பு. அளவு, அடுக்கு, எல்லாம் மற்ற ஆறு கற்களைப் போலவே. ஏழாம் கல் முதலில் நின்ற இடம் இதுதான். சந்தேகமே இல்லை.

குழிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கிடைத்தது. சிறு வீட்டின் தரை. களிமண் அடுப்பு. ஆணி அடித்த செருப்பின் ஆணிகள், சுவர் ஓரமாக, கழற்றி விட்டது போல இரண்டு வரிசையாக. அடுப்பில் கடைசியாக எரிந்தது எல்லைக்கல் நட்டதற்குப் பிந்தைய காலம். அதாவது எல்லை இந்த வீட்டின் வாசலை ஒட்டிப் போயிருக்கிறது. வீட்டில் இருந்த யாரோ முந்நூறு கிலோக் கல்லை 212 மீட்டர் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் நட்டிருக்கிறார்கள். அடியில் கரி இருப்பது அவர்களுக்கும் தெரியவில்லை.

குழிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கல்தான் எல்லை என்றால், ஸ்டானாவின் பம்பு வீடு நூறு மீட்டருக்கு வெளியே. 30ஆம் தேதி நான்கு மணிக்கு அவள் தலைக்கு மேலிருக்கும் கோபுரம் அணைந்துவிடும். எழுந்து நடந்து போகலாம். கரிதான் எல்லை என்றால் பம்பு வீடு எல்லைக்கோட்டின் மேலேயே. நான்கு மணிக்கு மூன்றாம் பம்பின் பதிவு அழியும். அதற்கு மூன்று நொடி கழித்து ஸ்டானாவும்.

ஒப்பந்தம் சொல்வது: சாட்சியே எல்லை.

மேலே அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டியும் மிளகாய் விழுதும். அவள் ஊரில் அதற்கு என்னவோ பெயர். பெட்டி அதைத் "தொக்கு" என்கிறது.

செப்டம்பர் 18. காலை 8:05.

பொய் எழுதினேன்.

"கல் 7: மூல இடத்தில் உள்ளது. சாட்சி அடுக்கு நீர் அரிப்பால் சிதைந்தது. வேறு குழி எதுவும் காணப்படவில்லை." முப்பது வருடத் தொழிலில் முதல் முறை. எழுதி, அனுப்பியும் விட்டேன். செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரம் வைத்துவிட்டுக் கல்லை இழுக்கப் போன அந்த ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது போல் இருந்தது.

வடக்குக் குழியை மூடினேன். மண்ணைத் திமிசால் அடித்து, மேலே புல் கரணைகளைப் பொருத்தினேன். ஸ்டானா தண்ணீர் தெளித்தாள். பத்து நாளில் புல் பிடித்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. நல்ல வேலை. நானே மெச்சிக்கொண்டேன்.

தொம்மை: "ஏழாங்கல்லு அறிக்கை வந்துட்டுக்கா. ரெண்டு பக்கமும் சரின்னுட்டான். அப்புறம் ஒரு காரியம் கேக்கணும். மொழிபெயர்ப்புப் பெட்டி தெனமும் ரெண்டு மணி நேரம் ஓடியிருக்குன்னு இங்க காட்டுது. யாரு கூட பேசுதிய?"

ரோமானியப் பேய்களுடன் என்றேன். "நல்ல பேயிங்களா இருந்தா சரி" என்றான். கெட்டிக்காரன்.

செப்டம்பர் 22. மாலை 5:00.

வேலை இல்லை. சரிபார்ப்பு ஊர்தி வந்து சுற்றி முடிக்கும்வரை நான் பட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. தொம்மை அதை ஆமை என்பான். அதன் வேகத்தைப் பார்த்தவர்கள் வேறு பெயர் வைக்க மாட்டார்கள்.

பகலெல்லாம் ஸ்டானா வாசலில். அவள் பீன்ஸ் உரிக்கிறாள், நான் நோட்டில் செருப்பாணி வரைகிறேன். பதினோரு வருடம் பேசாத பேச்சை அவள் இந்த ஒரு வாரத்தில் பேசுகிறாள். வெளியே போனதும் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"நேரா நடப்பேன். திரும்பாம நடப்பேன். முப்பத்தொண்ணாவது காலடி எப்பிடி இருக்கும்னு பாக்கணும்ளா. அம்புட்டுத்தான்."

இதைக் கேட்டதும் நான் செய்தது தப்பே இல்லை என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. அதை இங்கே பதிகிறேன்.

நான் ஊரில் தனி, பட்டையில் தனி. அவளும் தனிதான். ஆனால் அவள் வீட்டு வாசலில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 26. காலை 10:15.

தொம்மை: "அக்கா, ஆமை நேத்தோட சுத்தி முடிச்சிட்டு. எட்டு நாணயம் கண்டிருக்கு. கல்லு ஏழுதான? எண்ணுனதுல எனக்குத் தப்பா, அதுக்குத் தப்பா?"

அவன் பேசி முடிப்பதற்குள் என் கை செய்தது நினைவுக்கு வந்துவிட்டது. 18ஆம் தேதி. குழியின் அடியில் குனிந்து நிற்கிறேன். சட்டைப்பைக்குள் கை போகிறது. இந்த ஆண்டு நாணயம். கரிக்கு மேலே, நடுவில், எண் பக்கம் மேலாக. முப்பது வருடமாக மூடிய ஒவ்வொரு குழியிலும் செய்தது. புத்தி பொய் எழுதிக்கொண்டிருந்தபோது கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

திருடப் போன வீட்டில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 26. பிற்பகல் 3:40.

இரு தரப்பும் சேர்ந்து அமைத்த எல்லை ஆணையத்தின் முடிவு வந்துவிட்டது. ஆமை அந்த நாணயத்தைத் தேடிக் குழியைத் திறந்திருக்கிறது. கரி, ஓடு, எலும்பு, அனைத்தும் படமெடுத்துவிட்டு, விதிப்படி எதையும் எடுக்காமல் குழியைத் திறந்தபடியே விட்டுப் போயிருக்கிறது. சாட்சியே எல்லை. ஏழாம் புள்ளி 212 மீட்டர் வடக்கே. 30ஆம் தேதி நான்கு மணிக்கு அமல். என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அதை அனுப்பிய இரண்டு தரப்பும் முதல் முறையாக ஒரே மாதிரி கோபமாக.

நேற்று ஆமை வந்தபோது ஸ்டானா சன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருந்திருப்பாள். நான் கல் 5 அருகே அளவுக்கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இனி போய் அவளிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 27. காலை 9:00.

சொன்னேன்.

"எதுக்குளா போட்ட?"

வழக்கம் என்றேன்.

"ஒருத்தரும் பாக்காத எடத்துல எனக்காவ பொய் சொல்லிட்டு, பொய்க்கு அடியில கையெழுத்தும் போட்டுட்டு வந்திருக்க. ஒன்ன என்ன செய்ய? சொல்லு, என்ன செய்ய? பதினோரு வருசம் பம்பா இருந்தேன். நீ வரலன்னா பம்பாவே செத்திருப்பேன். முப்பத்தொண்ணாவது காலடியப் பத்தி எங்கிட்ட ஏன் கேட்ட?"

கதவைச் சாத்திக்கொண்டாள். தொம்மையின் குரலில் அழுகை வந்தது. பெட்டிக்கு அழவும் கற்றுக்கொடுத்திருக்கிறான் பாவி. பெட்டியை அணைத்தேன். அணைத்த பிறகும் கேட்டது, அவள் சொந்தக் குரலில்.

என் வில்லையை நீட்டிக்கக் கேட்டேன். இரு தரப்பும் கையெழுத்திட ஒன்பது நாள் ஆகும். இன்னொரு வில்லை கேட்டேன், காரணம் சொல்லாமல். மறுப்பு. இருப்பது ஒன்று.

செப்டம்பர் 29. பகல் 11:10.

ஸ்டானா கதவைத் திறந்து ஒரு அவித்த முட்டையை என் கையில் வைத்தாள்.  முக்காலி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உட்கார்ந்தேன்.

பிறகு இரண்டாவது பொய்யைச் சொன்னேன். ஆணையம் எனக்கு இன்னொரு வில்லை அனுப்புகிறது, நாளை மாலைக்குள் பறக்கும் பெட்டியில் வந்துவிடும் என்றேன். நீ என் வில்லையைப் போட்டுக்கொண்டு முன்னால் போ, பம்பின் வில்லை என் கழுத்தில் இருக்கட்டும், புதியது வந்ததும் நான் வருகிறேன். கடவில் ஆள் கிடையாது, இயந்திரம்தான். ஒரு வில்லை, ஒரு உடல், அவ்வளவுதான் பார்க்கும். வெளியே தொம்மையின் கன்டெய்னர் நிற்கும் நிலம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, ஆய்வுக் குழுவுக்குக் கொடுத்தது. அங்கே போய்விட்டால் உன்னை யாரும் துரத்த முடியாது.

"நெசமாவா? காயிதம் இருக்கா?"

காட்டினேன். தமிழில் அச்சடித்த படிவம். ஜூன் மாதத்துப் பயணச் சான்று. அவள் முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்துத் தந்தாள்.

இந்தப் பொய்க்கு அடியில் நான் எதையும் போடவில்லை.

செப்டம்பர் 30. பகல் 1:20.

வில்லைகளை மாற்றிக்கொண்டோம். இரண்டு கழுத்தும் ஒட்டி நிற்க, ஒரே மூச்சில். கோபுரத்தின் தலை எங்கள் பக்கம் அரை வட்டம் திரும்பியது. நின்றது. பழையபடி போனது. இப்போது நான் மூன்றாம் பம்பு.

மொழிபெயர்ப்புப் பெட்டியை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். தொம்மையிடம் பேச வேண்டுமே. ஒரு பெண்ணிடமிருந்து தன் குரலே வருவதைக் கேட்டு அவன் என்ன ஆகப்போகிறானோ.

கோழிகளுக்கு மூன்று நாள் தீனி வைத்துவிட்டு, ஒன்பதின் பெயரையும் எனக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முப்பதாவது காலடியில் நின்றாள். நான் உரக்கத் தமிழில் "நட" என்றேன். பெட்டி அவளுக்கு அதை என்னவென்று சொன்னதோ தெரியாது. முப்பத்தொன்றாவது அடி வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவள் திரும்பவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எனக்குத்தான், ஒருமுறை திரும்பியிருக்கலாமே என்று இருந்தது.

பிற்பகல் 2:35.

கடவுக்கு ஐந்து கிலோமீட்டர். சீராக நடந்தால் மூன்றரைக்குள் போய்விடுவாள்.

நூறு மீட்டர் ஓடிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஐம்பத்து மூன்று வயது, இடது முட்டி சரியில்லை. மூன்று நொடியில் எத்தனை மீட்டர்? அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கணக்கு இருக்கிறது. கோபுரம் சூட்டைத்தான் தேடும். குழி 1.4 மீட்டர். ஆமை திறந்து வைத்தது நல்லதாயிற்று. ஈர மண் குளிர்ச்சி; அதற்குள் புதைந்துகொண்டால் உடல் சூடு மேலே தெரியாது. பம்பு வீட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடக்கிறது, மூச்சுக்கு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குளிர் எத்தனை மணியில் என்ன செய்யும் என்று தெரியும். அதை எழுத வேண்டாம்.

3:31.

தொம்மை: "அக்கா, ஒங்க வில்லை கேட்டுக்கு வந்துட்டு. பத்து நிமிசமா கூப்புடுதேன், பதிலே இல்ல. வயர்லெஸ்ஸு பேட்டரி போச்சா? டீ போட்டு வச்சிருக்கேன். வாங்க."

பதில் சொல்லக் கை போனது. சொல்லவில்லை. ஆய்வாளர் வெளியே போய்விட்டாள், உள்ளிருந்து குரல் வரக்கூடாது.

3:38.

"கேட்டு தொறந்துட்டு."

பிறகு ஒன்றும் இல்லை. இரைச்சல். இன்னும் ஒன்றும் இல்லை.

"யாரு"

இரைச்சல்.

3:45.

தொம்மை, குரல் ஒரு மாதிரி: "கண்காணிப்புக்குச் சொல்லுதேன். ஆய்வாளர் வெளியேறிட்டாவ. வில்லை ஒண்ணு, ஆள் ஒண்ணு. கணக்கு சரி. திரும்பச் சொல்லுதேன், கணக்கு சரி."

அழுகிறேன். பயத்தால் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

3:49.

"பொதுவா ஒரு சேதி. ரோமாக்காரப் பேயிங்களுக்கு. ஏழாங்கல்லு சாட்சிய மறுபடி பாக்கணும்னு இப்ப எழுதிக் குடுத்திருக்கேன். இந்த ஆளுக எப்ப கையெழுத்துப் போடுவாவன்னு தெரியல. எப்பன்னாலும் நாந்தான் தோண்ட வருவேன். எங்கன தோண்டணும்னு தெரியும். டீய ஊத்தல. மூடி வச்சிருக்கேன்." குழிதான் என்று அவனே கணக்குப் போட்டுவிட்டான்.

3:54. குழிக்குள்.

மண் குளிர். கால் வரை மூடியாயிற்று. இடுப்பு வரை. கோழி ஒன்று விளிம்பில் நின்று பார்க்கிறது. பெயர் சொன்னாள், மறந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றி அந்தப் பழைய சுவர் ஓரம் வைத்துவிட்டு இறங்கினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

3:57.

அடுக்கு விவரம், கீழிருந்து மேலாக. ஆட்டுத் தாடை. பானை ஓடு. கரி. நாணயம் ஒன்று, 2094, எண் பக்கம் மேலே. நான்.

இந்த நோட்டு என் நெஞ்சின் மேல் இருக்கும். எடுத்தவர் நீங்கள் யாராக இருந்தாலும்

கோபுரம் திரும்புகிற சத்தம்

மெதுவாகத் தோண்டுங்கள். மண்வெட்டி வேண்டாம். கரண்டி போது